சம்மதம் யாருடையது

நெய்வேலி நகரியத்தில் முப்பத்தைந்து வருஷம் குடியிருந்தாலும் குவார்ட்டர்ஸ் குடியிருந்தவனுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ உத்தியோகம் பார்க்கிற வரையில் நிறுவனம் கொடுத்த வீடு. ஓய்வு பெற்ற பிறகு சாவியை ஒப்படைத்துவிட்டு, வடலூரிலோ இந்திரா நகரிலோ குறிஞ்சிப்பாடியிலோ முன்னதாகவே மனை வாங்கி எழுப்பிய சொந்த வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அறிந்த நியதி. ஆகையால் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய தகப்பனார்கள் பி.எஃப். பணம், கிராஜுவிட்டி, பெண்ணின் கல்யாணம், வீட்டுக் கடன் என்று பல கணக்குகளை இரவு வேளையில் மனத்துக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சில வீடுகளில் மட்டும் எந்தக் கூட்டலிலும் அடங்காத இன்னொரு கணக்கும் வந்து சேர்ந்துகொள்கிறது. அறிவு வளர்ச்சியில் குறைபாடுள்ள மகனையோ மகளையோ உடைய வீடுகள் அவை. 'எங்களுக்கப்புறம் இவன யாரு பாத்துப்பாங்க?' என்ற அந்தக் கேள்வியை அவர்கள் உறவினரிடம் கேட்கிறார்கள், டாக்டரிடம் கேட்கிறார்கள், ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சரிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: 'கார்டியன் சர்டிபிகேட் வாங்கி வெச்சிடுங்க.'

அந்தச் சர்டிபிகேட் என்ன, அது எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஷயம் விளங்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தகப்பனார் சுரங்கத்தில் பணிபுரிகிறவர். மூத்தவள் சென்னையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இளையவனுக்கு வயது 28. மருத்துவச் சான்றிதழில் அவனுக்கு 75 விழுக்காடு குறைபாடு என்று எழுதியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாது. பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியும், அதற்கு மேல் குழப்பம். ஆனால் ஒரே அச்சில் வார்த்தாற்போல வரிசை வரிசையாக நிற்கும் குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே, வெளியூரிலிருந்து வரும் படித்த விருந்தாளி வட்டத்தின் எண்ணையும் தெருவின் பெயரையும் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிற அதே நகரியத்தில், அவன் பஜாருக்குப் போவான், பால் வாங்கி வருவான், வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரக் கூட்டத்தில் போய்விட்டுத் தவறாமல் வீடு திரும்புவான். தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம், மாவு மில், நாய் படுத்திருக்கும் வாசல் என்று அவனுக்கென ஓர் அடையாள வரிசை இருக்கிறது. சாயங்கால வேளையில் டீக்கடையில் கிளாஸ் கழுவிக் கொடுக்கிறான். கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறான். அவனை அழைத்து இரண்டு வார்த்தை பேசாமல் போகிறவர்கள் அந்தத் தெருவில் குறைவு.

இந்தக் குடும்பம் வடலூருக்குக் குடிபோகத் தீர்மானிக்கிறது. அல்லது தாய் தகப்பன் காலத்துக்குப் பிறகு அவன் சென்னையில் அக்கா வீட்டில் இருப்பான் என்று முடிவாகிறது. எல்லாரும் பேசுகிறார்கள், மருமகப்பிள்ளையின் அபிப்பிராயம் கேட்கப்படுகிறது, சித்தப்பா தொலைபேசியில் யோசனை சொல்கிறார். பக்கத்து அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிற அவனிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. துவேஷம் இல்லை, அலட்சியம்கூட இல்லை. அவனுக்குக் கருத்து என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதே எவர் மனத்திலும் உதிப்பதில்லை. அவன் எதிரிலேயே, 'அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்று சொல்வதில் அந்தத் தாய்க்கு எவ்வித உறுத்தலும் இருப்பதில்லை. அதே தாய்தான் அவனுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எந்தச் சட்டையைப் போடச்சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்பதை உலகத்தில் வேறெவரையும்விட நன்றாக அறிந்தவள்.

சட்டம் நெடுங்காலமாக அந்தத் தாயைப் போலவேதான் பேசிவந்திருக்கிறது, தாயின் அன்பு மட்டும் இல்லாமல். 1912ஆம் வருஷத்து இந்தியப் பைத்தியச் சட்டம் பிறவியிலேயே அறிவு குன்றியவரையும் பிற்காலத்தில் சித்தம் கலங்கியவரையும் ஒரே பிரிவில் அடைத்து, நியாயஸ்தலம் விசாரித்து இவருடைய சொத்தைப் பரிபாலிக்க ஒருவரையும் உடலைப் பராமரிக்க ஒருவரையும் நியமிக்கலாம் என்று விதித்தது. அதற்குப் பதிலாக 1987இல் இயற்றப்பட்டு 1993இல் அமலுக்கு வந்த மனநலச் சட்டம், மனநோய் வேறு அறிவுசார் குறைபாடு வேறு என்ற சரியான வேறுபாட்டைச் செய்தது. ஆனால் அப்படிச் செய்தபோது இரண்டாவது வகையினரை வெளியே நிறுத்திவிட்டதால், அவர்கள் சார்பில் கையெழுத்திட எவருக்கு அதிகாரம் என்ற கேள்வி சில வருஷங்கள் அந்தரத்தில் தொங்கியது. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று உடையவர்களுக்கு, பதினெட்டு வயது நிறைந்த பிறகும் சட்டப்பூர்வமான பாதுகாவலரை நியமிக்க அது வழி செய்தது. அதற்காக வக்கீலையும் கோர்ட்டையும் தேடி அலைய வேண்டாமென்று மாவட்டந்தோறும் மூவர் அடங்கிய உள்ளூர்க் குழுவை ஏற்படுத்தியது. மாவட்ட ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத ஓர் அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, குறைபாடுடையவர் ஒருவர் என்பது அதன் அமைப்பு. நெய்வேலிக்காரர்கள் இதற்காகக் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தை நாடவேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூடவேண்டும் என்பது விதி.

அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் மனத்தில் இருந்தது பெற்றோரின் கவலை. பெற்றோர் சங்கங்கள் வருஷக்கணக்காகப் போராடிப் பெற்ற சட்டம் அது. அதை இன்று குறை கூறுகிறவர்கள் அந்தக் கவலையின் பாரத்தை ஒரு கணமாவது தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். சட்டத்தின் வாசகமும் கண்ணை மூடிக்கொண்டு எழுதப்பட்டதன்று. 14ஆம் பிரிவின்படி, இவருக்குப் பாதுகாவலர் உண்மையில் தேவைதானா, தேவையென்றால் எந்தெந்தக் காரியத்துக்கு என்று இரண்டு கேள்விகளைக் குழு கேட்டாக வேண்டும். நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும்.

ஆனால் வழக்கத்தில் நடப்பது வேறு. பாதுகாவலர் வேண்டுமென்ற எண்ணம் வீட்டில் உதிப்பதைவிட வங்கிக் கவுண்டரில்தான் அதிகம் உதிக்கிறது. தமிழக அரசு அறிவுசார் குறைபாடுடையவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. அதற்குக் கணக்கு வேண்டும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் வருஷத்து ஓய்வூதியத் திட்டத்தில், உறுப்பினர் இறந்தபின் நிரந்தரமாகவும் முழுமையாகவும் குறைபாடுடைய பிள்ளைக்கு வயது வரம்பின்றி மாதாந்திரத் தொகை உண்டு. அதற்கும் கணக்கு வேண்டும். 'இவர் கையெழுத்துப் போடுவாரா? கார்டியன் யாரு?' என்கிறது கவுண்டர். பாதுகாவலர் முன்வரும்போது இந்த உள்ளூர்க் குழுவின் சான்றிதழை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007இல் அறிவுறுத்தியது. குடும்பங்களுக்கு அனுகூலமாகச் செய்யப்பட்ட ஏற்பாடே நாளடைவில், சான்றிதழைக் கொண்டுவந்தால்தான் கணக்கு என்ற நிபந்தனையாகப் பல கவுண்டர்களில் உருமாறிவிட்டது. மாதாமாதம் தன் பெயருக்கு வருகிற பணத்தில் ஒரு நோட்டைக்கூடத் தன் கையால் எடுத்துச் செலவிட்டறியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒரு பாதுகாவலர் தேவைப்பட்டார் என்பதைவிட, அந்தக் கவுண்டருக்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்டது என்பதே பொருத்தம்.

இந்தப் போக்கை மாற்றும் சிந்தனை வெளியிலிருந்து வந்தது. 2006 டிசம்பர் 13ஆம் தேதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குறைபாடுடையோர் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது விதி, குறைபாடுள்ள ஒவ்வொருவரும் வாழ்க்கையின் எல்லாத் துறைகளிலும் பிறருக்குச் சமமாகச் சட்டத்தின் முன் முடிவெடுக்கத் தகுதியுடையவரே என்றும், அந்தத் தகுதியைப் பிரயோகிக்க உதவி தேவைப்பட்டால் அந்த உதவியைச் செய்துகொடுப்பது அரசின் கடமை என்றும் கூறியது. இந்தியா அதை 2007 அக்டோபர் 1ஆம் தேதி உறுதிப்படுத்தியது. மேலோட்டமாகப் பார்த்தால் இது சம்பிரதாயமான வாசகம் போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால், அதுவரை உலகத்துச் சட்டங்களெல்லாம், புரிந்துகொள்ளும் திறமையை முதலில் நிரூபி, பிறகு உரிமையைப் பெற்றுக்கொள் என்று சொல்லிவந்ததை அது தலைகீழாக்கி, உரிமை முன்னமேயே உன்னிடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்த உனக்கு என்ன உதவி வேண்டும் சொல் என்று கேட்பது தெரியவரும்.

இந்தச் சிந்தனையைத் தழுவி நம் நாட்டில் இயற்றப்பட்டதே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அமலுக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதன் 13ஆம் பிரிவு, குறைபாடுடையவர் சொத்து வைத்துக்கொள்ளவும், வாரிசாகப் பெறவும், தம் பண விவகாரங்களைத் தாமே கவனித்துக்கொள்ளவும் பிறருக்குச் சமமான உரிமையுடையவர் என்கிறது. முடிவெடுக்கத் துணையிருப்பவருக்கும் அவருக்கும் ஒரு குறிப்பிட்ட பேரத்தில் நலன் முரண்பட்டால், அந்தப் பேரத்தில் துணைவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். துணை பிடிக்கவில்லையென்றால் அதை மாற்றவோ அடியோடு கலைத்துவிடவோ குறைபாடுடையவருக்கே அதிகாரம் உண்டு. 14ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: தகுந்த உதவிகளையெல்லாம் கொடுத்துப் பார்த்த பிறகும் சட்டரீதியான முடிவை எடுக்க இயலாதவருக்கு மட்டுமே பாதுகாவலர், அதுவும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர். குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட ஒரு காலத்துக்கு, பரஸ்பர நம்பிக்கையின்மேல், குறைபாடுடையவரின் விருப்பத்தை அனுசரித்து இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு என்று அதைச் சட்டம் வருணிக்கிறது. வேறு எந்தச் சட்டத்தின் கீழ் நியமனம் பெற்ற பாதுகாவலரும் இந்தச் சட்டம் அமலுக்கு வந்த நாள் முதல் வரையறுக்கப்பட்ட பாதுகாவலராகவே கருதப்படுவார் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. அப்படியானால், பல வீடுகளில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிற பழைய சான்றிதழ்களின் வலிமை அந்த ஏப்ரல் மாதத்திலேயே சுருங்கிவிட்டது. சான்றிதழை வைத்திருப்பவர்களில் பலரும் அதை அறியார்.

நலன் முரண்படுவதற்கு ஓர் உதாரணம் நம் கற்பனைக் குடும்பத்திலேயே கிடைக்கும். தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, நோயோ ஊனமோ எவ்விதக் குறைபாடோ வாரிசுரிமையைப் பறிக்காது. ஆகையால் வடலூர் வீட்டில் தாய்க்கும் அக்காவுக்கும் உள்ள அதே பங்கு அந்த இளைஞனுக்கும் உண்டு. நம் ஊர் வழக்கப்படி என்ன நடக்கும்? சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு விடுதலைப் பத்திரம். 'இங்க வெக்கச் சொல்லு' என்று எழுத்தர் இடம் காட்டுவார். யாரோ ஒருவர் அவனுடைய இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்துவார். வெளியே வந்ததும் அவனுக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கித் தருவார்கள். அக்காள் கெட்டவளாக இருக்க வேண்டியதில்லை. அவனைக் கடைசி வரை கண்ணை இமை காப்பதுபோல் காப்பாற்றும் எண்ணமுடையவளாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பங்கு எவருக்குப் போகிறதோ அவரே அவனுடைய சம்மதத்துக்கும் துணையாக நிற்பதை 2016ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புவதில்லை. அந்த ஒரு பத்திரத்துக்காவது, அதனால் லாபமோ நஷ்டமோ அடையாத வேறொருவர் அவனுக்கருகில் நின்று, இது என்ன காகிதம் என்று அவனுக்கு விளங்கும் பாஷையில் சொல்ல வேண்டும்.

நம் பழைய சட்டங்களையெல்லாம் ஒட்டுமொத்தமாகப் பழித்துவிடவும் முடியாது என்பதை இங்கே சொல்லிவைப்பது நியாயம். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்கிற சமயத்தில் அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு அது தன் நலனை எப்படிப் பாதிக்கும் என்று விவேகத்தோடு தீர்மானிக்க முடிகிறதா என்றுதான் கேட்கிறது. ஆளை ஒரேயடியாக முத்திரை குத்திவிடுவதில்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவுவதற்குக் கூலி பேச முடிகிற ஒருவனுக்கு வீட்டை அடமானம் வைக்கும் பத்திரம் விளங்காமல் போகலாம். இரண்டாவது விளங்கவில்லை என்பதற்காக முதலாவதையும் பிடுங்கிக்கொள்வது நாம் செய்கிற காரியம்.

பிடுங்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணமாகக் காட்டப்படுவது மனவயது. 'வயசு இருபத்தெட்டு, மூளைக்கு ஆறு வயசுதான்' என்று சொல்லிச் சொல்லி அது மருத்துவ சத்தியம்போல் ஆகிவிட்டது. பரீட்சைத்தாளில் ஆறு வயதுக் குழந்தைக்கு நிகரான மதிப்பெண் வாங்கினார் என்பது அந்தப் பரீட்சையைப் பற்றிய தகவல். இருபத்தெட்டு வருஷம் உலகத்தைப் பார்த்தவர், பாட்டி செத்துப்போனதைக் கண்டவர், அக்காள் கல்யாணமாகிப் போனபின் வீடு வெறிச்சோடியதை உணர்ந்தவர், எந்தக் கடைக்காரர் ஏமாற்றுவார் என்று அறிந்தவர் ஆறு வயதுக் குழந்தை ஆகமாட்டார். 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் முன் இந்தப் பிரச்சினை வேறொரு வடிவில் வந்தது. மூளை முடக்குவாதம் கொண்ட 38 வயதுப் பெண்ணொருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையில், மனவயதைக் கணக்கில் கொண்டு அவரைக் குழந்தையாகவே பாவித்துக் குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் விசாரிக்க வேண்டுமென்று அவருடைய தாயார் கோரினார். அனுதாபத்துக்குரிய கோரிக்கை. சட்டத்தில் உள்ள வயது பிறந்த தேதியைக் கொண்டு எண்ணும் வயதே என்று கூறி நீதிமன்றம் அதை மறுத்தது. அந்தத் தாயாரின் வேதனையை எண்ணும்போது தீர்ப்பு கடுமையாகத் தோன்றலாம்; ஆயினும் மனவயதுக்குச் சட்டத்தின் கதவை ஒருமுறை திறந்துவிட்டால், பாதுகாப்புக்காக நுழைந்தது பிறகு ஓட்டையும் கூலியையும் சொத்தையும் மறுக்கவும் அதே கதவு வழியாக நுழையும் என்பது என் எண்ணம்.

அதற்கு எட்டு வருஷம் முன்பே உச்ச நீதிமன்றம் இன்னும் கூர்மையானதொரு கேள்வியைச் சந்தித்திருந்தது. சண்டிகரில் அரசாங்க இல்லமொன்றில் வாழ்ந்த, தாய் தகப்பன் இல்லாத, லேசான அறிவுசார் குறைபாடுடைய இளம்பெண் ஒருத்தி பலாத்காரத்துக்கு ஆளாகிக் கருவுற்றாள். அவளுடைய நன்மையை உத்தேசித்துக் கருவைக் கலைத்துவிட வேண்டுமென்று நிர்வாகம் கேட்டது. பஞ்சாப், ஹரியாணா உயர் நீதிமன்றம் உத்தரவும் இட்டது. அந்தப் பெண்ணோ குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பினாள். சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கு என்று அழைக்கப்படும் அதில், தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு 2009 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, கருக்கலைப்புச் சட்டம் வயது வந்தவர்களில் மனநோயாளிக்கு மட்டுமே பாதுகாவலரின் சம்மதம் போதுமென்கிறது, அறிவுசார் குறைபாடுடைய வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே வேண்டும் என்று கூறி அந்த உத்தரவை ரத்து செய்தது. 1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசாங்க இல்லத்துப் பெண்களைப் புணேயின் சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மாதவிடாய்க் காலத்துச் சுத்தத்தைக் காரணம் காட்டிக் கருப்பையை அகற்றிய செய்தி நாட்டையே உலுக்கியதை நினைவுகூர்கிறவர்களுக்கு, 'நன்மைக்காக' என்ற சொல்லின் பின்னால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது விளங்கும். இப்போதுள்ள சட்டத்தில், தெரிந்து மனமுவந்து கொடுத்த சம்மதமில்லாமல் மலட்டுத்தன்மைக்கு வழிகோலும் சிகிச்சை எதையும் குறைபாடுடையவருக்குச் செய்யக்கூடாது.

இவ்வளவையும் கேட்ட பெற்றோர் ஒருவர், 'எல்லாம் சரிங்க, எம்புள்ளைக்குப் பேச்சே வராதே' என்று கேட்டால் சட்டப் புத்தகத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. ஊட்டிவிட்டால்தான் உண்ணுகிற, உடுத்திவிட்டால்தான் உடுத்துகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் வங்கிப் படிவத்தை நீட்டி உன் விருப்பம் என்ன என்று வினவுவது கேலிக்கூத்து. அத்தகையவர்களைப் பற்றி ஐ.நா. உடன்படிக்கையின் குழு 2014இல் அளித்த விளக்கம் கவனிக்கத் தக்கது: அவருடைய விருப்பத்தை எவ்வளவு முயன்றும் அறிய முடியாதபோது, அவருக்கு எது நல்லது என்று நாம் நினைப்பதை விட்டுவிட்டு, அவருடைய வாழ்க்கையையும் சுபாவத்தையும் கொண்டு அவர் எதை விரும்பியிருப்பார் என்று கூடியவரை சரியாக ஊகிக்க வேண்டும். இங்கேதான் தாயின் ஞானம் பிரயோஜனப்படுகிறது. கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்வாள், மின்விசிறிச் சத்தம் இருந்தால்தான் தூங்குவாள், ஆண் பணியாளர் தொட்டுக் குளிப்பாட்டினால் அலறுவாள், பெரியம்மாவைக் கண்டால் சிரிப்பாள் என்பதெல்லாம் ஒரு மனுஷியின் விருப்பு வெறுப்புகள். தாயின் நினைவில் மட்டும் இருந்தால் தாயோடு போய்விடக்கூடியவை. ஒரு நாற்பது பக்க நோட்டில் அவற்றை எழுதி வைக்கிறவர்கள், சான்றிதழ் மட்டும் வாங்கி வைக்கிறவர்களைவிடத் தங்கள் பிள்ளைக்கு அதிகமாக விட்டுச்செல்கிறார்கள்.

பேச்சு வருகிறவர்களிடமும் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. 'வடலூருக்குப் போலாமா கண்ணு?' என்று அம்மா கேட்டால் 'போலாம்மா' என்றுதான் பதில் வரும், 'இங்கயே இருக்கலாமா?' என்று கேட்டாலும் 'இருக்கலாம்மா' என்றே வரும். பிறர் முகம் மலர்வதற்காக ஆமாம் சொல்லும் பழக்கமும், இரண்டு வழிகளைச் சொன்னால் கடைசியில் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லும் பழக்கமும் இவர்களில் பலருக்கு உண்டு. வாழ்நாள் முழுவதும் இணங்கிப் போனதற்காகவே பாராட்டப்பட்டவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆகவே விவரமறிந்த ஆசிரியர்கள் கேள்வியை வேறொரு நாள் வரிசையை மாற்றிக் கேட்கச் சொல்வார்கள். சொல்லை மட்டும் நம்பாமல் வடலூர் வீட்டுக்கே கூட்டிப்போய், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை நடக்கவிட்டு, பக்கத்தில் டீக்கடை எங்கே இருக்கிறது என்று பார்க்கவிட்டு, ஓர் இரவு தங்கவைத்துத் திரும்பி வந்த பிறகு படங்களைக் காட்டிக் கேட்பது உத்தமம். அக்கா வீட்டு அடுக்குமாடியையும் அவ்வாறே காட்டலாம். அங்கே லிஃப்டுக்குள் நுழைய மறுத்து அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால் அதுவும் ஒரு பதில்.

வடலூரைப் பற்றிப் பேசும்போது வள்ளலாரை நினைக்காமலிருக்க முடியாது. 1867இல் அவர் மூட்டிய சத்திய தருமச்சாலை அடுப்பு இன்றளவும் அணையாமல் எரியும் அந்த ஊருக்கு அருகிலேயே நகரியம் இருப்பதாலோ என்னவோ, இந்தப் பிரதேசத்தில் ஜீவகாருண்யத்துக்குப் பஞ்சமில்லை. நெய்வேலியிலேயே 'ஸ்நேகா' என்னும் சிறப்புப் பள்ளி, சுரங்க நிறுவனத்தின் ஆதரவோடு இயங்கிவருகிறது. பண்டிகை நாளில் அங்கே சாப்பாடு போடுகிறவர்களுக்கும் குறைவில்லை. கருணையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பசித்தவனுக்குச் சோறு போடுகிற கை, அவனுக்கு என்ன குழம்பு வேண்டும் என்று கேட்க எப்போதும் முந்துவதில்லை.

முடிவெடுக்கும் உரிமையை உரியவரிடமே விடுகிற சீர்திருத்தம் பிற தேசங்களிலும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. ஸ்வீடன் 1989இல் ஒருவரைத் தகுதியற்றவர் என்று பிரகடனம் செய்யும் முறையையே ஒழித்தது. பெரு 2018இல் தன் சிவில் சட்டத்தைத் திருத்திக் குறைபாட்டின் காரணமாகப் பாதுகாவலரை நியமிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அயர்லாந்து 1871ஆம் வருஷத்துப் பைத்தியச் சட்டத்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளி, 2015இல் புதிய சட்டம் இயற்றி, அதை அமலுக்குக் கொண்டுவர 2023 வரை எடுத்துக்கொண்டது.

ஓட்டுரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் பிரகடனம் செய்தாலொழிய எவர் பெயரையும் அந்தக் காரணத்துக்காக வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. மருத்துவச் சான்றிதழோ பாதுகாவலர் சான்றிதழோ அந்தப் பிரகடனம் ஆகாது. 2019 மக்களவைத் தேர்தலில் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் உள்ளேயே வாக்குச்சாவடி அமைத்து உள்நோயாளிகளை ஓட்டுப்போட வைத்த தமிழ்நாட்டில், 18 வயது நிறைந்த பிள்ளையின் பெயரைப் பட்டியலில் சேர்க்கக்கூடத் தோன்றாத வீடுகள் இன்னும் இருப்பது விசித்திரம்.

சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று அடைபடாமலே இருக்கிறது. 1999ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பாதுகாவலரைக் கேட்டு விண்ணப்பிக்கக் கூடியவர் பெற்றோர், உறவினர், அல்லது பதிவு பெற்ற நிறுவனம். பாதுகாவலர் கொடுமைப்படுத்துகிறார், சொத்தை அபகரிக்கிறார் என்று 17ஆம் பிரிவின் கீழ் அவரை நீக்கக் கோரக் கூடியவரும் பெற்றோர், உறவினர், அல்லது பதிவு பெற்ற நிறுவனம். எவருடைய வாழ்க்கை இதில் கைமாறுகிறதோ அவர் இரண்டு பட்டியலிலும் இல்லை. 2016ஆம் வருஷத்துச் சட்டமோ துணையைக் கலைக்கவும், நியமனத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் அவருக்கே வாய் கொடுக்கிறது. ஒன்றோடொன்று இசையாத இரண்டு சட்டங்களும் ஒரே ஆட்சியர் அலுவலகத்தில் ஒரே காலத்தில் அமலில் இருக்கின்றன. பழையதைத் திருத்தியாக வேண்டும். திருத்துகிற வரையில், கையிலுள்ளதை ஒழுங்காகப் பிரயோகித்தாலே பாதி தூரம் போகலாம்.

கடலூருக்கு விண்ணப்பம் எழுதப்போகிற நெய்வேலிப் பெற்றோர்கள், எந்தக் காரியத்துக்காகப் பாதுகாவலர் என்பதற்கு எல்லாவற்றுக்கும் என்று எழுதாமல், ஓய்வூதியக் கணக்குக்கு, இன்ன வீட்டின் பத்திரப் பதிவுக்கு என்று காரியத்தைக் குறித்தும், எத்தனை காலத்துக்கு என்று வருஷத்தைக் குறித்தும் எழுதலாம். குழு கூடுகிற நாளன்று பிள்ளையையும் உடன் அழைத்துப்போய், கேள்விகளை முதலில் அவனிடமே கேட்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்ளலாம். அவன் மேஜையைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான், சட்டைப் பொத்தானைத் திருகுவான். வார்த்தை வருவதற்கு நேரமாகும். அதுவரையில் அப்பாவும் அம்மாவும் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதைவிட அதுதான் கஷ்டம்.